எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல்

ஜூன் 6, செவ்வாய்

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. வந்தால் சொல்கிறேன் என்று மேல்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். தன் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் சொல்வார். அதற்கும் மனைவி சுகந்தியிடம் திட்டு வாங்கியது நான்தான்.

ஆபீசில் நல்ல நாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் செய்து கொடுத்திருக்கும் மென்பொருள் நான்கு: நோயாளி பதிவு, அப்பாயின்மென்ட், லேப், மருந்துக்கடை. முதலில் நான்குக்கும் தனித்தனி செட்டிங்ஸ் ஃபைல் இருந்தது. ஒரு டாக்டரின் போன் நம்பர் மாறினால் நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். மூன்றில் மாற்றிவிட்டு நான்காவதை மறந்து தொலைப்போம். போன வருஷம் நான்தான் நான்கையும் ஒன்றாக்கி, எல்லா மென்பொருளும் ஒரே ஃபைலைப் படிக்கும்படி செய்தேன். ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும். இன்று அவர்கள் முன்னாலேயே முதலாளி நந்தகோபால், "இது நம்ம தங்கவேல் மூளைங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்தால் அல்ல, சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. ஆஸ்பத்திரி எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே லாகின்தான் கொடுத்திருக்கிறது. யார் எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் நானே ஒரு விதி போட்டேன். எதை மாற்றினாலும் அதற்கு மேல் ஒரு வரி எழுத வேண்டும்: பெயர், தேதி, காரணம். நடைமுறையில் யாரும் புதிதாக அடிப்பதில்லை. முன்பு ஒருவர் எழுதிய வரியை நகல் எடுத்து ஒட்டி, அங்கங்கே திருத்திக்கொள்வார்கள். விதி போட்டவனே அதைத்தான் செய்கிறேன்.

ஒழுங்காக அடிப்பவர் பிரிசில்லா ஒருவர்தான். என் பக்கத்து சீட், பதினோரு வருஷமாக. பக்கவாதம் வந்த அம்மாவோடு தனியாக இருக்கிறார். இன்று கிட்னி டாக்டரின் நம்பரை மாற்றிவிட்டு, பெயர், தேதி, காரணம் எல்லாம் எழுதினார். மதியம் அவர் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் பாதி எனக்கு. கடலையை அள்ளிப் போட்டிருந்தார், எப்போதும்போல.

ஜூன் 8, வியாழன்

நாளை ஈரோட்டில் மச்சான் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். இன்று மதியமே ரயில். காலையிலேயே போய் அப்பாயின்மென்ட் மென்பொருளின் புதுப் பதிப்பைச் சோதித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தேன். சோதனைக்குப் போடும் பொய்ப் பதிவுகளுக்கும் நிஜமான ஆட்களுக்கு மெசேஜ் போய்விடும். போன தடவை கருமத்தம்பட்டிக்காரர் ஒருவருக்குப் பிரசவ வார்டில் நாள் குறித்து மெசேஜ் போய், அவர் நேரில் சண்டைக்கு வந்துவிட்டார். அதனால் மெசேஜ் அனுப்புவதை நிறுத்தி வைத்துவிட்டுச் சோதித்தேன்.

நடுவில் சுகந்தி நாலு தடவை போன் செய்தாள். பட்டுச்சேலை இஸ்திரிக் கடையில் இருக்கிறதாம், கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவாராம். போட்டது போட்டபடி எழுந்து ஓடினேன். சேலையும் கிடைத்தது, ரயிலும் கிடைத்தது.

ஜூன் 10, சனி

ஈரோடு. மச்சான் வீட்டில் நாலு பாத்ரூம். இரண்டு நாளாக சுகந்திக்கு வேறு பேச்சே இல்லை.

ஜூன் 12, திங்கள்

மகள் ஹரிணிக்குப் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன். லேபிள் கோணல் என்று இரண்டைக் கிழித்து மறுபடி ஒட்டினாள்.

ஆபீசுக்குள் நுழையும்போதே பிரிசில்லா போனில் இருந்தார். எதிர்முனையில் ஆஸ்பத்திரி லேப் இன்சார்ஜ் கலாவதி. முன்பெல்லாம் ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஆபத்தாகத் தெரிந்தால் கலாவதியே டாக்டருக்கு போன் போடுவார். எங்கள் மென்பொருள் வந்த பிறகு போன் போடுவதில்லை. டாக்டருக்கும் நோயாளி வீட்டுக்கும் மெசேஜ் தானாகவே போய்விடும். சனிக்கிழமை வந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு மெசேஜே வரவில்லை என்று இன்று கிட்னி டாக்டர் கத்தியிருக்கிறார்.

பிரிசில்லா ஃபைலைத் திறந்து பார்த்தார். மெசேஜ் அனுப்புவது நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு மென்பொருளுக்கும் அதே ஃபைல், ஆகவே நான்கிலும் நின்றிருக்கிறது, நாலு நாளாக. அப்பாயின்மென்ட் மெசேஜ் வராததை யாரும் கவனிக்கவில்லை. வராத மெசேஜை யார் தேடுவார்கள்? உடனே திரும்பப் போட்டு ஃபைலைச் சேமித்தார். பிறகுதான் மேலே இருந்த வரியைப் படித்தார். பிரிசில்லா, 8-6, சோதனைக்காக.

"ஏனுங்ணா, நானா இதை ஆஃப் பண்ணுனேன்?" என்று என் பக்கம் திரும்பினார். "எனக்கு நெனப்பே இல்லீங்ணா. வியாழக்கெழமை நானும் டெஸ்டிங்தான் பண்ணீட்டிருந்தேன். அம்மாவுக்கு வேற அன்னைக்கு ரொம்ப முடியல. ஆனா எம்பேரு இருக்குதே."

பார்ப்போம், பதறாதீங்க என்றேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் தேதி நானும் அந்த ஃபைலைத் திறந்தேன்தான்.

ஜூன் 13, செவ்வாய்

அந்த சனிக்கிழமை ரிப்போர்ட் கிட்டுசாமி என்பவருடையது. சோமனூர், தறி ஓட்டுகிறவர், ஐம்பத்தெட்டு வயது, ஏற்கெனவே கிட்னி கோளாறு. ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியிருந்தது. மெசேஜ் போயிருந்தால் சனி மாலையே அட்மிட் செய்திருப்பார்கள். ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்து இறந்துவிட்டார்.

கலாவதி போனில் சொன்னபோது பிரிசில்லா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். கேட்டு முடித்ததும் எழுந்து கழிவறைக்குப் போய் முக்கால் மணி நேரம் வரவில்லை.

இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று காலை மெசேஜை நிறுத்தியதும், மேலே கிட்னி டாக்டர் நம்பருக்காக பிரிசில்லா எழுதியிருந்த வரியை நகல் எடுத்து ஒட்டினேன். ஆறை எட்டாக்கினேன். காரணத்தை மாற்றினேன். பெயருக்கு வருவதற்குள் சுகந்தியின் போன். பெயரை மாற்றவில்லை. நிறுத்தியதைத் திரும்பப் போடவும் இல்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. நாளை முதல் வேலையாக நந்தகோபாலிடம் சொல்லிவிடுவேன்.

ஜூன் 14, புதன்

சொல்லத்தான் போனேன். அறைக்குள் ஆஸ்பத்திரி ஆள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஒருவர் பொறுப்பேற்று வெளியே போனால் ஒப்பந்தம் தொடரும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நந்தகோபால் என்னைப் பார்த்ததும், "தங்கவேல், நீங்கதான் அந்த ஃபைலை உண்டாக்குனது. என்ன நடந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா நம்புவாங்க" என்றார்.

எழுதினேன். எட்டாம் தேதி மெசேஜ் அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஃபைலில் அந்த மாற்றத்துக்கு மேல் இன்னார் பெயர் இருக்கிறது. பொது லாகின் என்பதால் வேறு தடயம் இல்லை. ஃபைலைக் கடைசியாகச் சேமித்தது திங்கட்கிழமை, அவரேதான். இரண்டு பக்கம். எங்கே வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஹரிணி பத்தாவது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் பிரிசில்லாவிடம் காட்டச் சொன்னார்கள். அவர் நின்றபடியே படித்தார். "கரெக்டா எழுதீருக்கீங்ணா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 16, வெள்ளி

பிரிசில்லாவுக்கு இன்று கடைசி நாள். ராஜினாமா என்றுதான் போட்டிருக்கிறார்கள், அது ஒரு மரியாதை. டிராயரில் இருந்த அவர் சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆள் செத்த விஷயம், ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறார்கள். நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். தூறல். ஆட்டோ கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. குடையை அவர் பக்கமே பிடித்திருந்தேன்.

"அந்த மனுசனுக்கு ஒரு பொண்ணு இருக்குதாமா. கோமதின்னு பேரு. போன் நம்பரா அந்தப் புள்ளை நம்பரைத்தான் குடுத்துருந்தாங்களாமா" என்றார். பிறகு, "நீங்க மட்டும் இல்லீன்னா இந்த நாலு நாளை நான் தாண்டியிருக்க மாட்டேணுங்ணா" என்றார்.

மேலே வந்ததும் உள்ளவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். நல்ல மனுஷன் என்று பேர். டீ குடித்தேன்.

ஜூன் 19, திங்கள்

சொல்லவில்லை. முதலாளி சென்னையில்.

ஜூன் 21, புதன்

முதலாளி வந்துவிட்டார். வயிறு சரியில்லை என்று நான் லீவு போட்டேன். சுகந்தி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

ஃபைலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். நான்கு மென்பொருளுக்கும் மறுபடி தனித்தனி ஃபைல். ஆளுக்கொரு லாகினும் வந்துவிட்டது. ஒரு வருஷம் முன்பு நான் செய்ததை நானே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன், இரண்டு நாள் ஆயிற்று. லேப் ஃபைலில் மெசேஜ் அனுப்பும் வரியை மட்டும் ஏழெட்டுத் தடவை திறந்து பார்த்தேன். அனுப்பு என்றுதான் இருந்தது.

பழைய பொது ஃபைலை அழித்துவிடலாமா என்று நந்தகோபாலிடம் கேட்டேன். "அதை வெச்சு என்ன பண்றது, தூக்கிப் போடுங்க" என்றார். அழித்தேன். அவர் சொன்னார், அழித்தேன். கேட்டது நான்.

மதியம் கேன்டீனில் எலுமிச்சை சாதம். வாங்கவில்லை.

ஜூலை 5, புதன்

பிரிசில்லாவுக்கு போன் செய்தேன். வேலை கேட்டுப் போன இடத்தில் பழைய கம்பெனியில் விசாரிக்கிறார்கள், விசாரித்ததும் பதிலே இல்லை என்றார். இரண்டு இடத்தில் அப்படி. என் பெயரைக் கொடுங்கள், உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறேன் என்றேன். அதற்கு நன்றி சொன்னார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஊட்டி உடறப்போ ரெண்டு வாய் நானும் போட்டுக்குவேன்" என்றார்.

சுகந்தி யார் போனில் என்றாள். சொன்னேன். பாவம் அந்தப் பொண்ணு, எப்படித்தான் தூங்குதோ என்றாள். நான் எப்படித் தூங்குகிறேன் என்று அவள் கேட்க ஒரு காரணமும் இல்லை.

ஜூலை 12, புதன்

எனக்கு டீம் லீடர் பதவி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜூலை 20, வியாழன்

பிரிசில்லாவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை சோமனூர் போகிறாராம், கிட்டுசாமி வீட்டுக்கு. நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். சர்ச்சில் பாஸ்டரிடம் சொன்னதாகவும், அவர் கடவுளிடம் சொன்னால் போதும் என்றதாகவும், தனக்கு அது போதவில்லை என்றும் சொன்னார்.

வேண்டாம் என்று வாதாடினேன். போலீஸ், கேஸ் என்றெல்லாம் பயமுறுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தனியா போறதுக்குத் தெகிரியம் இல்லீங்ணா. நீங்க கூட வர்றீங்களா?" என்றார்.

வருகிறேன் என்றேன். போகும் வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சொல்லிவிட்டால் அவர் அந்த வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. நான் ஏறிக்கொள்கிறேன்.

ஜூலை 23, ஞாயிறு

பஸ்ஸில் சொல்லவில்லை. கூட்டம். அவருக்கு சீட் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. சீட் கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

சோமனூரில் இறங்கி விசாரித்துப் போனோம். ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் தறிக்கூடம். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு. கோமதி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஆட்கள் என்றதும் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு எடுத்துப் போட்டாள். எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

பிரிசில்லா உட்காரவில்லை. கைகூப்பியபடி ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்னங்? கேக்குல" என்றாள் கோமதி.

பிரிசில்லா குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "உங்கப்பா ரிப்போர்ட்டுக்கு மெசேஜே வரல. மெசேஜ் போகாம ஆஃப் பண்ணி வெச்சது நாந்தானுங்க. திரும்பப் போட மறந்துட்டேன்."

கோமதி கையில் இருந்த போனைப் பார்த்தாள். "அப்ப எனக்கு மெசேஜ் வரவே இல்லீங்களா?"

"வரல கண்ணு."

"கம்ப்யூட்டர்ல இருந்து தானாவே வந்துருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்னு, நாந்தான் எதையாச்சு அழிச்சுட்டேன்னு..." சுவரில் சாய்ந்து அழுதாள். ஒன்றரை மாதமாகச் சுமந்ததை அந்தப் பெண் இறக்கி வைத்ததைக் கண்ணால் பார்த்தேன். அதைத் தூக்கிக்கொண்டது யார் என்பதையும் பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிசில்லாவின் கையைப் பிடித்தாள். பாசத்தில் இல்லை, தப்பித்துப் போய்விடாமல் பிடிப்பதுபோல். "எங்கத்தை முன்னால சொல்லுங்க. சொந்தக்காரங்க பூரா என்னையத்தான் பேசறாங்க. வந்து சொல்லுங்க" என்று தறிக்கூடத்துப் பக்கம் இழுத்துப் போனாள். யாரோ சுவிட்சை அணைத்தார்கள். அந்தச் சத்தம் நின்றபோது காது வலித்தது. அத்தை, அத்தை மகன், தறிக்கு வந்த இரண்டு பெண்கள். அவர்கள் முன்னால் பிரிசில்லா மறுபடியும் சொன்னார். பின்கட்டில் இருந்து கோமதியின் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவர் முன்னால் மூன்றாவது தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இவர் யாரு என்று அந்த அத்தை என்னைக் காட்டிக் கேட்டார். "எங்க ஆபீஸ் அண்ணாங்க. எனக்கோசரம் வந்தாரு. இவருக்கு இதுல ஒண்ணுமில்லீங்க" என்றார் பிரிசில்லா.

அப்போது சொல்லியிருக்கலாம். அஞ்சாறு பேர் நின்றார்கள், தறி ஓடவில்லை, மெதுவாகச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை.

அத்தைதான், "போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்க" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆடிக் காற்று, கண்ணெல்லாம் புழுதி. பிரிசில்லா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்பத்தானுங்ணா மூச்சு உட முடியுது" என்றார்.

"பிரிசில்லா, அது நீங்க இல்லை. நான்" என்றேன்.

என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வரியை நகல் எடுத்தது, ஆறை எட்டாக்கியது, இஸ்திரிக் கடை, ஈரோடு. ஒன்றையும் விடவில்லை. அவர் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கு அது கொஞ்சமும் எதிர்பாராதது.

"நீங்க இப்படி ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்ணா. அங்க நின்னப்பவே உங்க மொகத்தைப் பார்த்தேன். என்ற பழியை நீங்க வாங்கிக்கலாம்னு பாக்கறீங்க."

"இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்."

"எம்பேரு இருந்துச்சுங்ணா. நானே பார்த்தேன். நீங்களே ரிப்போர்ட்டுல எழுதுனீங்க. நீங்க பொய் எழுதற ஆளா?"

நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஃபைலில் இருந்ததும் அவர் பெயர்தான், அதையும் அழித்துவிட்டேன். மறுபடியும், நான்தான் செய்தேன் என்றேன். இரண்டாம் முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை நானே கவனித்தேன்.

"போதுமுங்ணா. இன்னொருக்கா சொல்லாதீங்க" என்று என் கை மேல் கை வைத்தார். "அந்தப் புள்ளை அழுததைப் பார்த்தீங்கல்ல? அது ஒண்ணு போதும் எனக்கு. நீங்க நல்லா இருக்கோணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் ஆகவும் இல்லை. மூன்றாவது முறை நான் சொல்லவில்லை.

பஸ் வந்தது. அவருக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்தேன்.